கையால் இழுத்து எலும்பைப் பொருத்துவது குத்துமதிப்பான வேலையா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: 62 வயது அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, கையை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட்டார்கள். பத்தாம் நாள் எக்ஸ்ரேயில் ‘கொஞ்சம் நகர்ந்திருக்கிறது’ என்கிறார்கள். திறந்து பார்க்காமல் தோலுக்கு மேலிருந்தே இழுத்து வைத்தால் எலும்பு எப்படிச் சரியாகச் சேரும், முதலிலேயே சரியாகப் போடவில்லையா, தோள் இறங்கியவருக்கு இழுத்துப் போடுவதும் இதே வைத்தியம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பது இன்னொன்று: போட்ட எலும்பு போட்ட இடத்தில் ஏன் நிற்கவில்லை, அது யார் தப்பு? படத்தைப் பார்க்காமல் உங்கள் அம்மாவின் கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும், மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

முதலில் அந்தக் ‘குத்துமதிப்பு’. உடைந்த எலும்பு அறுத்துப் போட்ட கட்டைபோல இரண்டு துண்டாகத் தனித்துக் கிடப்பதில்லை. எலும்பைச் சுற்றி உறைபோல ஒரு கெட்டியான சவ்வு இருக்கிறது. விழும்போது எலும்பு எந்தப் பக்கம் விரிந்து பிளந்ததோ அந்தப் பக்கத்தில் சவ்வு கிழியும். எந்தப் பக்கம் மடங்கி நசுங்கியதோ அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் கிழியாமல் நிற்கும். உள்ளங்கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடங்கும். உள்ளங்கைப் பக்கச் சவ்வு கிழியும், புறங்கைப் பக்கச் சவ்வு மிஞ்சும். மிஞ்சிய அந்தச் சவ்வுதான் கதவின் கீல். கையால் பொருத்தும் வித்தை முழுவதும் இந்தக் கீலை நம்பி நடப்பது. கீல் இருந்தால் எலும்பு ஓரளவுக்கு மேல் தவறான திசைக்குப் போகாது. சரியான இடத்துக்கு வந்ததும் ‘டக்’கென்று உட்காரும். கை வைத்திருப்பவருக்கு அது விரலில் தெரியும். சுற்றிலும் சவ்வு கிழிந்துபோன முறிவில் எவ்வளவு திறமையானவர் இழுத்தாலும் எலும்பு சேற்றில் நட்ட குச்சிதான்.

வெறுமனே பலங்கொண்டு நேராக இழுப்பது வேலைக்கு ஆகாததும் இதனால்தான். நேராக இழுத்தால் கீல் விறைக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் முனைகள் இன்னும் இறுகிப் பூட்டிக்கொள்ளும். முதலில் கோணலை இன்னும் கொஞ்சம் அதிகமாக்க வேண்டும், அதாவது விழும்போது எந்தப் பக்கம் மடங்கியதோ அதே பக்கம். பார்ப்பவருக்கு ‘ஐயையோ, இன்னும் வளைக்கிறாரே’ என்று தோன்றும். அப்போதுதான் கீல் தளர்கிறது, முனையும் முனையும் ஒன்றுக்கொன்று நேரே வருகிறது. அதன் பிறகு எதிர்ப்பக்கம் மடக்கினால் கீல் விறைத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இழு, கூட்டு, திருப்பு என்று மூன்று அசைவு. இதில் பலம் குறைவு, பொறுமை அதிகம்.

மணிக்கட்டில் இது நடக்கும் வரிசையைச் சொன்னால் உங்கள் அம்மாவுக்கு என்ன செய்தார்கள் என்பது புரியும். முறிந்த இடத்தில் இரத்தம் கட்டியிருக்கும். அதற்குள் ஊசியைச் செலுத்தி, சிரிஞ்சில் கருஞ்சிவப்பு இரத்தம் ஏறுகிறதா என்று பார்த்து, மரத்துப்போகச் செய்யும் மருந்தான 1 சதவீத லிக்னோகைன் 10 மில்லி அளவுக்குச் செலுத்துவார்கள். பிறகு 10 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைத்தால் நோயாளி வலியில் தசையை இறுக்குவார். இறுகிய தசைதான் எலும்பைத் திரும்பக் கோணலாக இழுக்கும் முதல் எதிரி. அடுத்து முழங்கையை 90 டிகிரி மடக்கி, கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் விரல்வலையில் (இழுத்தால் விரலைக் கவ்விப் பிடிக்கும் வலைக்குழாய்) மாட்டித் தொங்கவிட்டு, மேற்கையில் 3 முதல் 5 கிலோ எடை கட்டி ஐந்து பத்து நிமிடம் விடலாம். அல்லது ஒருவர் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கையைப் பிடித்து, வெடுக்கென்று இல்லாமல், ஒரே சீராக இழுக்கலாம். நசுங்கி உள்ளே சொருகிய எலும்பு கழன்று நீளம் வந்த பிறகு, இரு கட்டைவிரலையும் புறங்கைப் பக்கம் முறிவுக்குக் கீழே வைத்து, கூட்டி, முன்னோக்கித் தள்ளித் திருப்ப வேண்டும். முன்கை எலும்பின் ஓரத்தை விரலால் தடவினால் படி இருக்கிறதா, வழுவழுவென்று ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். இதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே உண்டு. நாடித்துடிப்பும் விரல் உணர்வும் இரண்டு தடவையும் பார்த்து எழுதிவைக்க வேண்டியவை. தோலைத் திறக்கவில்லையே தவிர, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். இந்த மணிக்கட்டு முறிவை ஆபிரகாம் கோலஸ் என்ற ஐரிஷ் மருத்துவர் விவரித்து எழுதியது 1814இல். படமே இல்லாத காலத்திலும் விரலுக்கு அவ்வளவு தெரிந்திருக்கிறது.

பொருத்துவதைவிடக் கடினமானது பிடித்துவைப்பது. மாவுக்கட்டு போடுபவரின் திறமை மாவில் இல்லை, மாவு இறுகும் அந்த ஐந்தாறு நிமிடத்தில் உள்ளங்கையால் எங்கே அழுத்துகிறார் என்பதில்தான் இருக்கிறது. மூன்று இடத்தில் அழுத்தம் வேண்டும்: முறிவுக்குக் கீழே புறங்கைப் பக்கம் ஒன்று, முறிவுக்குச் சற்று மேலே உள்பக்கம் ஒன்று, முழங்கைக்குக் கீழே மறுபடி வெளிப்பக்கம் ஒன்று. வில்லை வளைப்பதுபோல இந்த மூன்றும் கீலை விறைப்பாக வைத்திருக்கும். இப்படிப் போட்ட கட்டு பக்கவாட்டில் பார்த்தால் லேசாக வளைந்திருக்கும். ‘கட்டே கோணலாகப் போட்டிருக்கிறார்கள்’ என்று உறவினர்கள் புகார் சொல்வது பெரும்பாலும் இந்த நல்ல கட்டைப் பார்த்துத்தான். குழாய்போல உருண்டையாக, பஞ்சு மெத்தை மாதிரி தடித்துப் போட்ட கட்டுதான் பார்க்க அழகு, பயன் குறைவு. உள்ளே எலும்பு ஆடும். முன்கை குறுக்குவெட்டில் தட்டையானது, கட்டும் தட்டையாக இருக்க வேண்டும். குழந்தைகளின் கட்டில் இதை அளந்தே பார்ப்பார்கள்: பக்கவாட்டுப் படத்தில் உள்ள அகலத்தை நேர்ப்படத்து அகலத்தால் வகுத்தால் 0.8க்கு மேல் போகக் கூடாது. போனால் நழுவும் வாய்ப்பு கூடும்.

கட்டில் இன்னும் சில தவறுகள் சகஜம். பஞ்சு இரண்டு மூன்று சுற்று போதும், எலும்பு துருத்தும் இடத்தில் மட்டும் கூடுதல். மாவு இறுகும்போது சூடு வரும்; அதைச் சுடுதண்ணீரில் நனைத்து, அடுக்கையும் தடிமனாக்கி, மேலே தலையணையும் வைத்தால் தோல் வெந்துபோகும். சில நிமிடத்தில் இறுகினாலும் முழுதாகக் காய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், அதுவரை பலம் வராது. மணிக்கட்டை உள்பக்கம் மட்டுமீறி மடக்கிப் போடும் பழைய வழக்கம் கைவிடப்பட்டதற்குக் காரணம், அந்த நிலையில் நடு நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போவதும், விரல்கள் விறைத்துவிடுவதும். லேசான மடிப்பு போதும். கட்டு உள்ளங்கையின் குறுக்கு ரேகைக்கு முன்னே நின்றுவிட வேண்டும், விரல்களின் அடிமூட்டு முழுதாக மடங்க வேண்டும். உங்கள் அம்மாவால் ஐந்து விரலையும் மடக்கிக் கைமுஷ்டி பிடிக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள். கட்டு தடுத்தால் போய் வெட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். இதற்காக அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இனி, பத்தாம் நாள் ஏன் நகர்ந்தது. மாவுக்கட்டு கோணத்தைப் பிடிக்கும், நீளத்தைப் பிடிக்காது. புறங்கைப் பக்கத்து எலும்புச் சுவர் நொறுங்கிப் போயிருந்தால், இழுத்து நீளமாக்கியபோது அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. முட்டுக் கொடுக்க எதுவும் இல்லாததால், வீக்கம் வடிந்து கட்டு தளரும் முதல் இரண்டு வாரத்தில் எலும்பு மெல்ல அந்தக் குழிக்குள் இறங்கும். எது இறங்கும், எது நிற்கும் என்று முதல் படத்திலேயே ஓரளவு சொல்லலாம். 60 வயதுக்கு மேல், 20 டிகிரிக்கு மேல் புறங்கைப் பக்கச் சாய்வு, அந்தப் பக்கத்தில் நொறுங்கல், விரிசல் மூட்டுக்குள் ஓடுவது, கூடவே பக்கத்து எலும்பும் உடைந்திருப்பது என்று ஐந்து குறிகள். இதில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நழுவும் என்றே எதிர்பார்க்க வேண்டும். எனவே நகர்ந்ததை வைத்து மட்டும் ‘சரியாகப் போடவில்லை’ என்று சொல்லிவிட முடியாது. போட்ட உடனே எடுத்த படத்தையும் பத்தாம் நாள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்திலேயே கோணல் இருந்தால் அது பொருத்தியதில் குறை. முதல் படம் நேராக இருந்து பிறகு இறங்கியிருந்தால், ஒன்று முறிவின் குணம், அல்லது கட்டின் தளர்வு. அதே நேரம், ஒரு வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் படம் எடுத்துப் பார்க்காமல் ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தால் அது கண்டிப்பாகத் தவறு. உங்கள் அம்மாவுக்குப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அது நல்லது.

‘கொஞ்சம்’ என்பது எவ்வளவு என்று எண்ணிலேயே கேளுங்கள். இயல்பான மணிக்கட்டில் மூட்டுப் பரப்பு உள்ளங்கைப் பக்கம் ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்திருக்கும். முறிவுக்குப் பிறகு அது புறங்கைப் பக்கம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தாலோ, எலும்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாகியிருந்தாலோ, மூட்டுக்குள் 2 மில்லிமீட்டருக்கு மேல் படி விழுந்திருந்தாலோ, நடுவயது வரையிலானவர்களுக்கு அறுவை சிகிச்சையைப் பேச வேண்டியிருக்கும். இந்த எண்கள் ஓரளவு உறுதியானவை. உறுதியில்லாத இடம் வயதானவர்கள். 65ஐத் தாண்டியவர்களில், கோணலாகவே கூடிய மணிக்கட்டும் தகடு வைத்துச் சரிசெய்த மணிக்கட்டும் ஒரு வருடம் கழித்து அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை என்று திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. பார்க்கக் கோணலாக இருக்கும், பிடிமானம் கொஞ்சம் குறையலாம், ஆனால் வேலை நடக்கும். 62 வயது இந்தக் கோட்டின் விளிம்பில் நிற்கிறது. அங்கே முடிவு செய்வது படம் மட்டுமல்ல: வலக்கையா, தினமும் அந்தக் கையால் பளு தூக்குபவரா, எலும்பு எவ்வளவு திடம், சர்க்கரையும் இதயமும் எப்படி என்பதெல்லாம் சேர்ந்து. ஒரே படத்துக்கு இரண்டு நல்ல மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

‘மறுபடி இழுத்துப் போட்டால் என்ன?’ என்ற கேள்வியும் அடுத்து வரும். முடியும். ஏறக்குறைய இரண்டு வாரம் வரை உள்ளே இருப்பது மிருதுவான கூழ் போன்ற இணைப்புதான், கையால் அசைக்கலாம். ஆனால் சுவர் நொறுங்கியதால் ஒரு முறை நழுவிய எலும்பு, அதே மாவுக்கட்டில் மறுமுறையும் நழுவுவதே அதிகம். மறுபடி இழுத்தால் கூடவே கம்பியோ தகடோ வைத்துப் பிடிப்பதுதான் பொருள் உள்ள வேலை. இல்லாவிட்டால் இருக்கிற நிலையை ஏற்றுக்கொண்டு விரல்களைக் காப்பாற்றுவது. இரண்டுக்கும் நடுவே, மூன்று நான்கு முறை இழுத்து இழுத்துப் பார்ப்பது மிக மோசமான வழி.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கே வேறு. வளரும் எலும்பு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். எட்டு ஒன்பது வயதுக் குழந்தையின் மணிக்கட்டுக்கு அருகே 15 டிகிரி கோணல் ஓரிரு வருடத்தில் தேடினாலும் கிடைக்காது. முறிவு வளரும் முனைக்கு எவ்வளவு பக்கமோ, மூட்டு மடங்கும் திசையிலேயே கோணல் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு நன்றாகத் திருந்தும். திருந்தாதது முறுக்கு. விரல் எலும்பு சுழன்று கூடினால் விரலை மடக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறும். எந்த வயதிலும் அது தானாகச் சரியாகாது. வளரும் முனையிலேயே உடைந்திருந்தால் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை, மயக்கத்தில் மென்மையாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஐந்தாறு நாள் கழிந்துவிட்டால் பலவந்தமாக அசைக்கக் கூடாது, வளர்ச்சியே நின்றுபோகும். முழங்கைக்கு மேலே உடையும் குழந்தை முறிவு தனி ஆபத்து. உடைந்த முனை பெரிய இரத்தக்குழாயின் மேலேயே நிற்கும். வெளியே யாரும் இழுக்காமல் இருந்த நிலையிலேயே சிம்பு (அசையாமல் தாங்கும் பட்டை) வைத்து உடனே கொண்டுபோக வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் பிடிக்கச் சொல்லுங்கள். வட்டம் தட்டையாகி, விரல் நுனி மடங்காவிட்டால் நரம்பு பாதிப்பு உண்டு.

இதற்கு நேர்மாறாக, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தையைக் கையைப் பிடித்து வெடுக்கெனத் தூக்கியதும் கை தொங்கிப்போவது உண்டு. அது முறிவு இல்லை, முழங்கையில் ஒரு வளையம் நழுவிச் சிக்கியது. முழங்கையை ஒரு கையால் தாங்கி, உள்ளங்கை தரையைப் பார்த்து மேலும் உள்பக்கம் சுழலும்படி முன்கையைத் திருப்பினால் சிறு ‘க்ளிக்’. உள்ளங்கையை மேலே திருப்பி மடக்கும் பழைய முறையைவிட இது முதல் முயற்சியிலேயே அதிகம் பலிக்கிறது. பதினைந்து நிமிடத்தில் குழந்தை அந்தக் கையால் பொம்மையை எடுக்கும். எடுக்காவிட்டால், அல்லது குழந்தை விழுந்தது என்றால், வீக்கம் இருந்தால், திருப்பாதீர்கள், எக்ஸ்ரே வேண்டும்.

தோள் இறங்குவது பற்றிக் கேட்டீர்கள். இது எலும்பைச் சேர்ப்பது அல்ல, கிண்ணத்தை விட்டுத் தாண்டிய உருண்டையைத் திரும்பக் கிண்ணத்துக்குள் கொண்டுவருவது. தடுப்பது எலும்பைவிட, அதைச் சுற்றி இறுகிப் பிடித்திருக்கும் தசை. அதனால் தசை அயர்ந்தால் பாதி வேலை முடிந்தது. குப்புறப் படுக்கவைத்து, கையைக் கட்டில் ஓரத்தில் தொங்கவிட்டு, மணிக்கட்டில் 2 முதல் 5 கிலோ எடை கட்டி 15, 20 நிமிடம் விட்டாலே பல தோள்கள் ஓசையில்லாமல் உள்ளே போய்விடும். முழங்கையை உடலோடு ஒட்டவைத்து, முன்கையை மிக மெதுவாக வெளிப்பக்கம் சுழற்றுவது இன்னொரு வழி. வலித்தால் நிறுத்தி, தளர்ந்ததும் தொடர்ந்து, ஐந்து பத்து நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்குளில் காலை வைத்து உதைத்து இழுப்பது படத்தில் பார்க்க வீரம். அதில் அக்குள் நரம்பும் இரத்தக்குழாயும் மாட்டும். எந்த முறை சிறந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, இரண்டு மூன்று முறை கைவசம் இருப்பதுதான் முக்கியம். இழுக்கும் முன் தோளின் வெளிப்புறத்தில், சட்டைக் கையின் மேல்பகுதி படும் இடத்தில், தொடு உணர்வு இருக்கிறதா என்று பார்த்து எழுதாவிட்டால், பிறகு மரத்துப்போனது விழுந்ததாலா இழுத்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் முறை இறங்கியவர், 40 வயதைத் தாண்டியவர், பலமாக விழுந்தவர் ஆகியோருக்கு முதலில் எக்ஸ்ரே. உருண்டையின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்து, அதை இழுத்தால் உருண்டை உள்ளேயே தங்கிவிட, தண்டு மட்டும் கையோடு வரும். தோள் உள்ளே போனதும் ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடுவதும் தவறு. இருபது வயதுக்காரருக்கு மறுபடி மறுபடி இறங்கும் அபாயம் அதிகம், நாற்பதைத் தாண்டியவருக்குத் தோளைத் தூக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்தும் கை மேலே போகவில்லை என்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும். வலிப்பு வந்தவருக்கோ மின்சாரம் தாக்கியவருக்கோ கை உள்பக்கம் சுழன்ற நிலையில் பூட்டிக்கொண்டு, வெளிப்பக்கம் திரும்பவே மறுத்தால், தோள் பின்பக்கம் விலகியிருக்கிறது. நேர்ப்படத்தில் அது இயல்பாகவே தெரிந்து ஏமாற்றும்.

மற்ற மூட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறி உண்டு. விரலின் நடுமூட்டு விலகினால் பெரும்பாலும் எளிதில் உள்ளே போகும். விரலின் அடிமூட்டு விலகி, உள்ளங்கையில் தோல் குழிந்திருந்தால் இழுக்கவே கூடாது. இழுத்தால் திறக்கும் இடைவெளியில் உள்ளிருக்கும் சவ்வுத்தகடு புகுந்து அடைத்துக்கொள்ளும். சாதாரணமாகப் போயிருக்க வேண்டியது அறுவை சிகிச்சையில் முடியும். இடுப்பு மூட்டு விலகினால் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குள், முழு மயக்கத்தில் உள்ளே போடாவிட்டால் தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் செத்துப்போகும் அபாயம் ஏறிக்கொண்டே போகும். முழங்கால் மூட்டு விலகல் தானாகவே உள்ளே போய்விட்டு ஒன்றும் தெரியாததுபோல இருக்கும், பின்னால் இரத்தக்குழாய் கிழிந்திருக்கும். கணுக்கால் உடைந்து விலகி, தோல் வெளுத்து இழுபட்டு நின்றால் மட்டும், தேர்ந்தவர் இருந்தால் எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திருக்காமல் நேராக்குவது உண்டு. தோல் செத்தால் பிறகு எதுவும் செய்ய முடியாது. ஆனால் கணுக்காலில் ‘கிட்டத்தட்ட சரி’ என்பது கிடையாது. 1976இல் வெளியான ஒரு சோதனையில், மூட்டு எலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே ஒன்றோடொன்று படியும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. மணிக்கட்டில் மன்னிக்கப்படும் மில்லிமீட்டர் கணுக்காலில் மன்னிக்கப்படாது.

பரம்பரையாக எலும்பு கட்டுபவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பேச்சு அங்கே போகாமல் இருக்காது. கையால் இழுத்தல், அழுத்துதல், சேர்த்தல், கட்டுதல் என்று நான்கு வேலையையும் சுஸ்ருத சம்ஹிதை பெயர் சொல்லியே வகுத்திருக்கிறது. நவீன எலும்பு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஹக் ஓவன் தாமஸ், எலும்பு கட்டும் பரம்பரையில் வந்தவர். ஆகவே கைத்திறமையை நான் ஏளனம் செய்யமாட்டேன். நகராத முறிவு யார் கட்டினாலும் கூடும் என்பதும் உண்மை. பல ‘அதிசயக்’ குணங்கள் அந்த வகை. குறை மூன்று இடத்தில் இருக்கிறது. படம் இல்லாமல் மூட்டுக்குள் ஓடிய விரிசல் தெரியாது. வீங்கப்போகும் கையைச் சுற்றி முதல் நாளே சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினால், உள்ளே வீக்கம் ஏறி இரத்த ஓட்டம் நின்று கை கறுத்துப்போகும். உடைந்த அல்லது விலகிய மூட்டை, முக்கியமாக முழங்கையை, எண்ணெய் தடவி அழுத்தி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். இந்தக் கடைசித் தவறை மருத்துவமனையில் பிசியோதெரபி என்ற பெயரில் செய்தாலும் விளைவு அதேதான். முழங்கையை நோயாளி தானே மடக்கி நீட்ட வேண்டும், பிறர் பலவந்தமாக அழுத்தக் கூடாது.

மாவுக்கட்டு போட்ட எவருக்கும் இது பொருந்தும், முதல் இரண்டு மூன்று நாளில் முக்கியமாக. எலும்பைப் பொருத்திய பிறகு வலி குறைய வேண்டும். குறையாமல் ஏறிக்கொண்டே போனால், மாத்திரைக்கு அடங்காவிட்டால், மற்றவர் மெல்ல விரலை நீட்டிவிடும்போது முன்கையில் உயிர் போகிற வலி எடுத்தால், தசைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்று பொருள். நாடி துடிக்கிறதே, விரல் சிவப்பாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளக் கூடாது; அவை கடைசியில்தான் போகும். சிறு குழந்தை வலியைச் சொல்லாது, ஓயாமல் அழுது முரண்டும், வலி மருந்து திரும்பத் திரும்பத் தேவைப்படும். அந்த நிலையில் கட்டை, அடியில் உள்ள பஞ்சும் துணியும் உட்பட, தோல் தெரியும் வரை முழுநீளத்துக்கும் பிளக்க வேண்டும். மாவை மட்டும் பிளந்து பஞ்சை விட்டால், இரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சே கயிறாகிவிடும். சாதாரண வீக்கத்துக்குக் கையை இதயத்துக்கு மேலே தூக்கி வைப்பது சரி, இந்த நிலையில் இதயத்தின் மட்டத்திலேயே வைக்க வேண்டும். அரைமணிக்குள் வலி தணியாவிட்டால் தசை உறையைத் திறக்கும் அறுவை சிகிச்சை. ஆறு எட்டு மணி நேரம் கடந்தால் செத்த தசை திரும்பாது. ஆகவே எலும்பு நகர்ந்தாலும் பரவாயில்லை என்று கட்டைப் பிளக்கும் மருத்துவர் சரியாகத்தான் செய்கிறார்.

உங்கள் அம்மாவுக்குப் பத்து நாள் தாண்டியதால் அந்த அபாயம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இந்த வாரமே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: சாய்வு எத்தனை டிகிரி, எத்தனை மில்லிமீட்டர் குட்டை, மூட்டுக்குள் படி உண்டா, கம்பியோ தகடோ வைப்பதென்றால் எந்தத் தேதிக்குள் முடிவு செய்ய வேண்டும். எலும்பு இறுக ஆரம்பித்த பிறகு அதே திருத்தம் எலும்பை மறுபடி வெட்டும் வேலையாகிவிடும் என்பதால் தேதி முக்கியம். அப்படியே விடுவதென்று முடிவானால் கட்டு மொத்தம் ஐந்து ஆறு வாரம். அதுவரை விரல், முழங்கை, தோள் மூன்றையும் தினமும் பலமுறை அசைக்க வேண்டும். கட்டுக்குள் இருக்கும் மணிக்கட்டைவிட, கட்டுக்கு வெளியே சும்மா தொங்கிய தோள்தான் பலருக்கு மாதக்கணக்கில் தொல்லை தருகிறது. விரல்கள் பளபளவென்று வீங்கி, வியர்த்து, தொட்டாலே எரிந்தால் அது நரம்பு சார்ந்த வேறொரு சிக்கலின் தொடக்கம், உடனே சொல்லுங்கள். கட்டுப் பிரித்த சமயத்திலோ அதற்கு முன்போ, வலி ஒன்றும் இல்லாமல் திடீரென்று கட்டைவிரல் நுனியை மேலே தூக்க முடியாமல் போனால், எலும்பின்மேல் உரசி, அந்த விரலைத் தூக்கும் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்திருக்கிறது. கொஞ்சமும் நகராத முறிவில்கூட இது வரும், அதற்கு வேறொரு நாணை மாற்றிக் கட்டித் தைப்பார்கள். இத்தோடு, வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்ததால், கட்டு இருக்கும்போதே எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து உடையக்கூடியது இடுப்பு எலும்பு, அதைக் கையால் இழுத்துப் போட முடியாது.